தனக்குத்தானே சாட்சி

அந்த மெத்தைத் தொழிற்சாலையில் எவரையும் திட்டி வெளியேற்றும் வழக்கம் இல்லை. கைதட்டித்தான் அனுப்புவார்கள்.

மாலைத் தேநீர் இடைவேளையில் முதலாளி தம் அறையிலிருந்து வெளியே வருவார். வெட்டும் பிரிவு, தைக்கும் பிரிவு, கட்டும் பிரிவு, அலுவலகம் என்று எல்லாரும் கிடங்கின் முன்னால் கூடுவார்கள். போகவேண்டியவரை அருகில் நிறுத்தித் தோளில் கைபோட்டு, மனமாரப் புகழ்வார். புகழ்ந்து முடித்ததும் முதலில் தட்டுவது அவருடைய கைகளே. பிறகு எல்லாரும் தட்டுவார்கள். புகழப்பட்டவருக்கு ஒற்றை மெத்தை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பரிசாகத் தருவார்கள். மறுநாள் அவர் வரவேண்டியதில்லை. ‘மெத்தை வாங்கிட்டான்’ என்று அங்கே ஒருவர் சொன்னால், யாருக்கோ வேலை போயிற்று என்று பொருள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை வேடிக்கைப் பேச்சென்று எண்ணிச் சிரிப்பார்கள். ஒரு கைதட்டலை நேரில் பார்த்தபின் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

நான் எழுத வந்தது அங்கே ‘லீவக்கா’ என்று அழைக்கப்பட்டவரைப் பற்றி. ஆள் சேர்ப்பது, விடுப்புத் தருவது, சண்டை வந்தால் தீர்த்துவைப்பது, கையில் ஊசி ஏறியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது ஆகிய அனைத்தும் அவருடைய வேலை. நாற்பதைத் தாண்டியவர். மெலிந்த உருவம். பேசத் தொடங்கும் முன் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடியை எடுத்து ஒருமுறை துடைத்துக்கொள்வார். துடைக்கும் நேரத்தில் சொல்லவேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிடுவார். பிழையாக ஏதும் பேசிவிடக்கூடாதே என்ற அச்சம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது என்பது அவருடைய தங்கையின் கருத்து.

அவர் அங்கே சேர்ந்தது வரவேற்பறையில் தொலைபேசி எடுப்பதற்காக. அப்போது ஆட்கள் தொடர்பான வேலையைப் பார்த்தவர் ஒரு பெரியவர். எதற்கும் ஒரு கோப்பைத் திறப்பார் என்பதால் அவருக்கு ஃபைல் சார் என்று பெயர். அவர் யாரிடமும் சொல்லாமல் படித்து, மனிதவள மேலாண்மைக்கான தொழில்முறைத் தேர்வு ஒன்றில் தேறி, அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுத் தம் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டினார். முதலாளி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை முழுவதும் படித்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

மறுநாள் மாலை எல்லாரையும் கூட்டினார். “வீட்டுல அம்மா சமைக்கிறாங்க. அவங்ககிட்ட நாம சர்டிபிகேட் கேட்கிறோமா? இது ஒரு குடும்பம். இவ்வளவு பெரிய படிப்புப் படிச்ச மனுஷனை நம்ம சின்ன வீட்டுல அடைச்சு வைக்கிறது பாவம். பெரிய இடத்துக்குப் போய், பெரிய ஆளா வரணும்” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பென்று சொல்லிவிட முடியாது. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கித் தருபவர், யார் படுத்தாலும் மருத்துவமனைக்குப் பழத்தோடு போய் நிற்பவர் அவர். ஃபைல் சார் வேலையை விடுவதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்ன நடக்கிறதென்று விளங்காமல் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து இரண்டு மூன்று முறை கைதட்டினார். பிறகுதான் நிறுத்தினார். ஒரு கையில் சட்டமிட்ட சான்றிதழும் மறு கையில் சுருட்டிய மெத்தையுமாக அவர் ஆட்டோவில் ஏற முடியாமல் தவித்ததை வரவேற்பறைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவர் லீவக்கா. எழுந்துபோய் மெத்தையைப் பிடித்துக்கொள்ளக் கால் வரவில்லை.

அன்றே முதலாளி அவரிடம் வந்தார். “இனிமே நீ பார்த்துக்கோம்மா. நம்ம வீட்டுப் பொண்ணு நீ. படிச்சவன் பார்க்கிறதை விட நீ நல்லாப் பார்ப்பே.”

அப்படித்தான் அவர் அந்த நாற்காலிக்கு வந்தார். சுவரில் ஆணி அப்படியே இருந்தது.

ஏழாண்டுகள் அவர் அந்த வேலையை ஊகத்தால் செய்தார். நல்ல ஊகம், யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் ஓரம் தைக்கும் இயந்திரத்தில் இருந்த பெண் ஒருத்தி, முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, நான் லீவுல போனா திரும்ப எடுத்துக்குவாங்களா? அந்த மாசமெல்லாம் சம்பளம் உண்டா? எனக்கு என்னென்ன கிடைக்கும்க்கா?”

“கேட்டுச் சொல்றேன்டா” என்றார் லீவக்கா.

அவள் போனபிறகுதான் யாரைக் கேட்பது என்ற கேள்வி எழுந்தது. முதலாளியைக் கேட்டால், ‘நம்ம பொண்ணுதானே, பார்த்துக்கலாம்’ என்பார். பார்த்துக்கொள்வாரா மாட்டாரா என்பது அன்றைய அவர் மனநிலையைப் பொறுத்தது. எழுதிவைத்த விதி ஏதோ ஓரிடத்தில் இருக்கவேண்டும். அது தமக்குத் தெரியாது. தெரியாமலே இத்தனை காலம் எத்தனை பேருக்கு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறோமோ என்று நினைத்தபோது அவருக்கு அச்சம் வந்தது. அந்த அச்சம்தான் அவரைப் படிக்கவைத்தது. முன்னேற வேண்டுமென்ற ஆசை அதில் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை.

தங்கை ஒரு பெரிய மருத்துவமனையில், பணியாளர் பிரிவில் வேலை செய்தாள். அங்கே நிலைமை தலைகீழ். சான்றிதழ் இல்லாதவர்களைக் கூட்டத்தில் உட்காரவைப்பதில்லை. தேறியவர்களின் அடையாள அட்டையில் பச்சைக் கோடு ஒன்று இருக்கும். குறித்த காலத்துக்குள் மீண்டும் தேறிப் புதுப்பிக்காவிட்டால் அந்தக் கோட்டை எடுத்துவிடுவார்கள்.

“சர்டிபிகேட் இல்லாம நீ எப்படிக்கா ஆளெடுக்கிறே? எங்க இடத்துல உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க” என்று கேலி செய்வாள்.

“எங்க இடத்துல உன்னை மெத்தையோட நிறுத்திடுவாங்க.”

“அதாவது, நான் ஃபெயிலாயிடுவேனோன்னு நடுங்கறேன். நீ பாஸாயிடுவியோன்னு நடுங்கறே. நம்ம அம்மா ரெண்டையும் நல்லாப் பெத்தாங்க.”

விண்ணப்பத்தை அனுப்ப உதவியவள் தங்கைதான். பாடநூலை வீட்டில் ஒரு தலையணை உறைக்குள் வைத்து லீவக்கா மறைத்தார். வீட்டில் யாருக்கு மறைக்கவேண்டும் என்று கணவர் கேட்டதற்கு, “பழகிக்கணும்ல” என்றார். காலையில் அடுப்பில் குக்கர் ஏறியதும் அதை வெளியே எடுத்துப் படிப்பார். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கும் கணவர், முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்று கேள்வி கேட்பார்.

“‘நலன் முரண்’னு போட்டிருக்கே. அப்படின்னா என்ன?”

“ஒரு விஷயத்துல நமக்கே லாபம் இருந்தா, அந்த விஷயத்துல நாம தீர்ப்புச் சொல்லக் கூடாது.”

“அப்ப உன் தங்கச்சி வர்ற அன்னிக்கு மீன் துண்டைப் பங்கு வைக்கிறது யாரு?”

“நீங்கதான்.”

“எனக்கும் லாபம் இருக்கேம்மா.”

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. சான்றளிக்கும் நிறுவனத்திலிருந்து கைப்பேசிக்கு நாலே வரி. சில விண்ணப்பங்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பதாகவும், அவற்றுள் உங்களுடையதும் ஒன்றென்றும், இந்த வாரத்துக்குள் உங்கள் பணியிடத்தின் மனிதவளப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து அனுபவத்தை உறுதிசெய்துகொள்வோம் என்றும், உறுதியாகாவிட்டால் தேர்வு எழுத இயலாது என்றும் அது கூறியது.

லீவக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்த பிழை இதுதான். விண்ணப்பத்தில் ‘பணியிட மனிதவளப் பிரிவின் தொலைபேசி எண்’ என்ற இடத்தில் அவர் தம் மேசைத் தொலைபேசியின் எண்ணை நிரப்பியிருந்தார். வங்கிக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் ‘இவர் உங்களிடம்தான் வேலை செய்கிறாரா’ என்று கேட்டு அழைக்கும்போதெல்லாம் அவர் வாயில் வரும் எண் அது. யோசிக்காமல் விரல்கள் அதை அடித்துவிட்டன. அந்தத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு என்பது அவர் ஒருவரே. ஆகவே அவரைப் பற்றி விசாரிக்க வரும் அழைப்பை எடுக்கப்போவதும் அவரே. அவர் எடுக்காவிட்டால், அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு தானாகவே முதலாளியின் அறைக்குப் போகும்.

கணவர் முகத்து நுரையைத் துடைத்துக்கொண்டு அருகே அமர்ந்தார். “சரி, இதுல என்ன இருக்கு? ஜலதோஷம் பிடிச்ச மாதிரி குரலை மாத்திக்கோ. ‘ஆமாம், அந்தம்மா இங்கதான் இருக்காங்க, தங்கமான மனுஷி’ன்னு சொல்லிட்டு வெச்சிடு.”

“தங்கமான மனுஷின்னு நானே சொல்லணுமா?”

“நான் சொன்னா நீ நம்பறதில்லையே.”

லீவக்கா சிரிக்கவில்லை. தங்கையைக் கைப்பேசியில் அழைத்தார். தங்கை வேடிக்கை பேசவில்லை. அவள் குரலிலும் கலக்கம் இருந்தது. “அக்கா, நீயே உனக்குச் சொன்னேன்னு தெரிஞ்சா, இந்தத் தடவை மட்டும் இல்ல, எப்பவுமே எழுத முடியாது. எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தர் தன் மச்சானுக்குச் சொல்லி மாட்டிக்கிட்டார். அதுக்கப்புறம் அவர்கூட யாரும் டீ குடிக்கக்கூடப் போகலை. ஒண்ணு உங்க முதலாளிகிட்டச் சொல்லு. இல்லேன்னா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு.”

முதலாளியிடம் சொல்வது என்றால் கைதட்டல். மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் இருந்தது. கண்ணாடிக் கடையின் வருமானம் வாடகைக்கே சரியாகப் போயிற்று. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்று கைப்பேசியை எடுத்தார். ‘எனக்கு என்னென்ன கிடைக்கும்க்கா’ என்று நின்ற பெண்ணின் முகம் நினைவுக்கு வர, கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டார். அனுப்பவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

அன்றிலிருந்து மேசைத் தொலைபேசி ஒரு நாயைப்போல் அவரெதிரே படுத்திருந்தது. எப்போது குரைக்கும் என்று தெரியாது. ஒவ்வொரு மணிக்கும் பாய்ந்து எடுத்தார். குளிர்பதனப் பெட்டி விற்பவர் அழைத்தார். நுரைப்பஞ்சு ஏற்றிய லாரி வழியில் நிற்கிறதென்று ஓட்டுநர் அழைத்தார். ஒரு வீட்டு உரிமையாளர், கட்டும் பிரிவு ஆள் ஒருவரைப் பற்றிக் கேட்டார். “நல்ல பையன்ங்க. வாடகை நேரத்துக்குத் தருவான்” என்று சொல்லி வைத்தபிறகுதான், எத்தனை பேருடைய நல்லது கெட்டதற்குத் தம் ஒரு சொல்லே சாட்சியாக இருந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தமக்குச் சாட்சி சொல்ல அப்படி ஒருவர் இல்லை. கழிப்பறைக்குப் போகவும் அஞ்சினார். அந்த நேரத்தில் மணி அடித்தால் அழைப்பு முதலாளியிடம் போய்விடும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

பக்கத்து மேசைக் கணக்கருக்கு எதுவும் தப்பாது. “என்னக்கா, போனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா? ஒரு நிமிஷம் விட்டுப் பிரிய மாட்டேங்கிறீங்க” என்றார்.

“வேலை இருக்குண்ணே.”

“வேலை யாருக்குத்தான் இல்ல? முகம் வெளிறிக் கிடக்கு. ஏதாவது இன்டர்வியூவா? வேற இடம் பார்க்கிறீங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை கண்ணை ஓட்டினார். “பார்த்தா சொல்லுங்க, எனக்கும் ஒரு இடம் பிடிங்க. ஆனா மெத்தையை மட்டும் எனக்குத் தந்துட்டுப் போங்க. வீட்டுல பழசு பள்ளமாயிடுச்சு.”

விளையாட்டாகச் சொன்னாரா, வேவு பார்த்தாரா என்று லீவக்காவுக்கு விளங்கவில்லை. அந்த அலுவலகத்தில் இரண்டும் ஒரே குரலில்தான் வரும். யாராவது மாலை வகுப்புக்குப் போகிறார் என்றாலே ‘மூட்டை கட்டுகிறார்’ என்பார்கள். படிப்பவர் தம்மைவிட்டுப் போகப்போகிறார், போகப்போகிறவர் துரோகி, துரோகியைப் பற்றி முதலாளியிடம் முதலில் சொல்பவர் விசுவாசி. இந்தக் கணக்கு யாரும் கற்பிக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வாரம் முடியும் தறுவாயில், கணக்கர் விடுப்புக் கேட்டு மேசைமுன் நின்றிருந்த வேளையில், மணி அடித்தது.

“வணக்கம், மனிதவளப் பிரிவு” என்றார் லீவக்கா.

மறுமுனையில் ஒரு பெண்குரல். சான்றளிக்கும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, “உங்க கம்பெனியில வேலை பார்க்கிற ஒருத்தரைப் பத்தி உறுதிப்படுத்திக்கணும். பேசலாமா?” என்றது. பிறகு லீவக்காவின் முழுப் பெயரையும் சொன்னது. அலுவலகத் தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டபோது, வேறு யாரையோ தேடி வந்த காவலரின் குரலைக் கேட்டதுபோல அவருக்கு இருந்தது.

“அவங்க அங்கதான் வேலை பார்க்கிறாங்களா?”

“ஆமா.”

“எத்தனை வருஷமா இந்த வேலையில?”

“ஏழு.”

இதுவரை எல்லாமே உண்மை. இன்னும் நாலு கேள்விக்கு இப்படியே ‘ஆமா’ சொன்னால் முடிந்துவிடும். கணக்கர் விடுப்புத் தாளை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

“நீங்க அவங்களோட மேலதிகாரியா?”

“இல்லைங்க.”

“அப்ப நீங்க யாருன்னு சொல்ல முடியுமா? அவங்க வேலையை நீங்க நேர்ல பார்க்கிறவரா?”

‘எப்போதும் அவரோடுதான் இருக்கிறேன்’ என்று ஒரு விடை அவர் நாவின் நுனிவரை வந்தது. அதில் பொய்யே இல்லை. எவரும் பின்னால் வந்து குற்றம் சொல்ல முடியாத விடை. அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். தொலைபேசியின் சுருள்கம்பி விரலைச் சுற்றி இறுகியிருந்தது.

“நான்தாங்க அது” என்றார்.

“எது?”

“நீங்க விசாரிக்கிற ஆள். நான்தான். இங்க மனிதவளப் பிரிவுல நான் மட்டும்தான் இருக்கேன். என்னைப் பத்தி நான் சொல்லக் கூடாது. முதலாளிகிட்டக் குடுக்கிறேன், கொஞ்சம் இருங்க.”

கணக்கரின் கையில் தாள் ஆடுவது நின்றது.

ஒரு பொத்தானை அழுத்தினால் அழைப்பு உள்ளறைக்குப் போயிருக்கும். அந்நியக் குரல் ஒன்று முதலாளியிடம் முதலில் சொல்வதைவிடத் தாமே சொல்வது மேல் என்று எண்ணி, அழைப்பைக் காத்திருக்க வைத்துவிட்டு, அவர் எழுந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது, அது வழக்கத்தைவிடக் கனமாகத் தோன்றியது.

முதலாளி மெத்தைத் துணி மாதிரிகளை ஒளியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு போன் வந்திருக்கு. என்னைப் பத்தி விசாரிக்க.”

“யாரும்மா, பேங்க்கா? வீடு கட்டப் போறியா? சொல்லவே இல்லையே!” என்று முகம் மலர்ந்தார்.

“இல்லைங்கய்யா. நான் ஒரு பரீட்சை எழுதணும்னு...”

“என்ன பரீட்சை?”

“ஃபைல் சார் எழுதினது.”

துணி மாதிரி மேசைமேல் இறங்கியது. அவர் சினந்திருந்தால் லீவக்காவுக்குச் சற்றுத் தெம்பாக இருந்திருக்கும். அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைக் கண்டதும் லீவக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நான் என்ன சொல்லணும்?”

“கேட்கிறதுக்கு உள்ளதைச் சொன்னாப் போதும்ங்கய்யா.”

முதலாளி தொலைபேசியை எடுத்தார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

“ஆமா, முதலாளிதான் பேசறேன்... ஆமா, இருக்காங்க... பதவியா? எங்ககிட்டப் பதவின்னு எதுவும் கிடையாதுங்க. எல்லாரும் ஒரே குடும்பம். இவங்க ரிசப்ஷனுக்கு வந்தவங்க.”

அனுப்பிவிடுவார் என்றுதான் லீவக்கா அஞ்சியிருந்தார். இப்படி ஒரு நாற்காலியே இல்லை, அதில் ஏழாண்டாக எவரும் உட்காரவே இல்லை என்று சொல்லிவிட முடியும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அதுவும் பொய்யில்லை, எந்தத் தாளிலும் அவர் இன்றுவரை வரவேற்பாளர்தான்.

மறுமுனை விடவில்லை போலும்.

“ஆள் எடுக்கிறதா? அது இவங்கதான்... லீவா? இவங்கதான்... சண்டை சச்சரவுன்னா? இவங்கதான் போய்ப் பேசுவாங்க... அடிபட்டா? இவங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, கையெழுத்துப் போடுவாங்க... புது ஆளுக்கு வேலை சொல்லிக் குடுக்க ஏற்பாடு பண்றதா... அதுவும் இவங்கதான்.”

ஒவ்வொரு ‘இவங்கதான்’ என்ற சொல்லுக்கும் அவர் குரல் தணிந்துகொண்டே போயிற்று. லீவக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்வையை மாற்றிக்கொண்டார்.

“வேலையை விட்டு அனுப்புறதா? அது நான்... எப்படின்னா? பாராட்டி அனுப்புவோம்.” நீண்ட இடைவெளி. “இல்ல, எழுத்துல காரணம் குடுக்கிற பழக்கம் இல்ல... ஹலோ? ஆ, இருக்கேன்... சரிங்க.”

தொலைபேசியை வைத்தபின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“‘பாராட்டி’ன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு பேச்சையே நிறுத்திட்டா. ஏம்மா? எழுதிக்கிட்டாளா?”

“தெரியலீங்கய்யா.”

“சரி, போ. காலையில பேசுவோம்.”

லீவக்கா வெளியே வந்தபோது, விடுப்புத் தாள் மட்டும் மேசைமேல் கிடந்தது. கணக்கர் தம் இடத்தில் அமர்ந்து கணினித் திரையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாலைத் தேநீர் மணி அடித்தபோது தைக்கும் பிரிவுப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வெளியே வந்து, அவர் முகத்தையும் உள்ளறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். செய்தி அதற்குள் போயிருந்தது. கதவு திறக்கவில்லை.

வீட்டில் கணவர், “அனுப்பினா அனுப்பட்டும். கடையில எனக்கு எதிர்ல ஒரு ஸ்டூல் காலியாத்தான் இருக்கு” என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை. மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே வந்து தாயின் அருகில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், கூந்தலைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள்.

காலையில் லீவக்கா உள்ளே போனபோது முதலாளி எழுந்து நின்றார்.

“வாங்க” என்றார். “உட்காருங்க.”

ஏழாண்டுகளாக ‘வாம்மா’ என்று அழைத்த வாய் அது. ஆய்வாளர்களையும் வங்கிக்காரர்களையும் அழைக்கும் குரலில் அந்த ‘வாங்க’ வந்தது. முதலாளியின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் தொழிற்சாலை ஆட்கள் யாரும் அமர்ந்து லீவக்கா பார்த்ததில்லை. வேலை போகவில்லை என்று அறிவு சொன்னது. ஆனால் ஏதோ ஒரு வீட்டின் கதவு தமக்குப் பின்னால் சாத்தப்பட்டுவிட்டது என்று நெஞ்சு சொன்னது. விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்.

“நைட்டு அந்தப் படிப்பைப் பத்தி என் மருமகன்கிட்டக் கேட்டேன். அவனுக்கும் சரியாத் தெரியலை. நீங்களே சொல்லுங்க. இங்க நான் ஏதாவது தப்புப் பண்ணா, அதை யார்கிட்டயாவது சொல்லணும்னு அதுல இருக்கா?”

“இருக்குங்கய்யா. முதல்ல உங்ககிட்டத்தான்.”

“முதல்ல என்கிட்ட. அப்புறம்?”

‘அவ்வளவுதான்’ என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அந்த முகத்தில் பழைய மலர்ச்சி திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

“நீங்க கேட்கலைன்னா... கேட்கிற இடத்துல சொல்லலாம்னு இருக்குங்கய்யா.”

முதலாளி குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

“அந்த ஃபைல் சார் இதைத்தான் என்கிட்டச் சொல்ல வந்தாரோ?”

“தெரியலீங்கய்யா. அன்னிக்கு அவரை யாரும் பேச விடலை.”

சொன்னபிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று லீவக்காவுக்கே உறைத்தது. வெளியே வெட்டும் இயந்திரம் நுரைப்பஞ்சுப் பாளத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒலி முடிந்தபிறகு முதலாளி கேட்டார்.

“பரீட்சை என்னிக்கு?”

“அடுத்த ஞாயிறு.”

“எழுதுங்க. நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே, இனிமே மாத்திச் சொல்ல முடியாது.” பிறகு, துணி மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி, அவரைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்கு இங்க யார்கிட்டயும் பயம் இருந்ததில்லைங்க. நேத்துலேர்ந்து உங்ககிட்ட இருக்கு.”

“எனக்கு உங்ககிட்ட எப்பவும் இருந்ததுங்கய்யா” என்றார் லீவக்கா. அந்தச் சொற்களை அவர் முன்கூட்டி மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருக்கவில்லை.

முதலாளி துணி மாதிரிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். போகச் சொல்லவில்லை. எழுவதா, இருப்பதா என்று தெரியாமல், லீவக்கா அந்த நாற்காலியின் விளிம்பில் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.